துண்டுக்கு அடியில் ஐந்து விரல்

சங்கையா தன் பிழைப்பில் தானே மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பத்தரை மணி டீ நேரத்தில். யாரும் அவர் கழுத்தில் கத்தியை வைக்கவில்லை. மேனேஜர் ஆண்டிச்சாமி கரும்பலகைக்குப் பக்கத்தில் நின்று மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். அதற்கே மனுஷன் கையிலிருந்த இருபது டோக்கனையும் மேனேஜரின் யோசனைக்குக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார்.

மேனேஜரின் யோசனை என்னவென்று கேட்டால் சிரிப்பீர்கள். 'ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டை மூடிவிட்டு, பேக்கிங் வேலையை இராஜபாளையத்துக்கே கொண்டு வருவது.' சங்கையா அந்தக் கம்பெனியின் டெம்போ டிரைவர். இராஜபாளையத்தில் காயத்துக்குக் கட்டும் வலை மாதிரியான காஸ் துணி நெய்து, வெளுத்து, மடித்துக் கட்டுவார்கள். அந்தக் கட்டுகளை அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டுக்குக் கொண்டு போவார். அங்கே பதினாறு பெண்கள் அதை வெட்டி, பேண்டேஜாகச் சுருட்டி, பெட்டியில் அடுக்குவார்கள். பெட்டிகளோடு அவர் திரும்பி வருவார். பதினொரு வருஷமாக இதுதான் வேலை. ஷெட் போனால் டெம்போ எதற்கு, டெம்போ போனால் சங்கையா எதற்கு?

இந்தக் கூத்தெல்லாம் ஆரம்பித்தது 1994-இல், முதலாளி ஜமால் முகமதுவின் மகள் அசீனா மதுரையில் மேனேஜ்மெண்ட் படிப்பை முடித்துவிட்டு வந்து ஆபீஸில் உட்கார்ந்த பிறகு. அந்தப் பெண் சும்மா இருக்கிற ஜாதி இல்லை. கம்பெனியில் ஆளுக்கு ஒரு மூளை இருக்கும்போது, அப்பாவும் மேனேஜரும் மட்டுமே யோசிப்பது என்ன நியாயம் என்று கேட்டாள். யோசனைகளை வைத்து ஒரு சின்ன ஷேர் மார்க்கெட் நடத்தலாம் என்றாள். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஊரோடு சேர்ந்து ஷேரில் பணத்தைப் போட்டுக் கையைச் சுட்டுக்கொண்ட ஜமால் முகமது, அந்தச் சொல்லைக் கேட்டதுமே வாயில் போட்ட வெற்றிலையைத் துப்பப் போய்விட்டார். திரும்பி வந்து, "பேரை மாத்து, பொறவு பேசு" என்றார். அப்படித்தான் அது 'யோசனைச் சந்தை' ஆனது.

விதி சுலபம். யார் வேண்டுமானாலும் சீட்டில் ஒரு யோசனை எழுதிப் பலகையில் ஒட்டலாம். இராஜபாளையத்து ஆட்களுக்குத் தலைக்கு இருபது அட்டை டோக்கன். எந்த யோசனை உருப்படும் என்று நினைக்கிறார்களோ அதில் டோக்கனைப் போட வேண்டும். ஆள் சேரச் சேர அந்த யோசனையின் விலை பலகையில் ஏறும். மாசக் கடைசியில் எதற்கு விலை அதிகமோ அது நடைமுறைக்கு வரும். ஆறு மாதத்தில் அதனால் மிச்சமாகும் பணத்தில் பத்தில் ஒரு பங்கு பரிசு; அதில் பாதி, யோசனை சொன்னவருக்கு, மீதிப் பாதி, டோக்கன் போட்டவர்களுக்கு.

முதல் வாரம் திருவிழாதான். 'சாயங்கால டீயோடு ஒரு வடை' என்று ஒட்டியவர் வேறு யாருமில்லை, சங்கையாவே. அதன் விலை இரண்டே நாளில் பதினெட்டுக்குப் போனது. காவல்காரர் இருளப்பசாமி, 'கேட்டுக்குப் பச்சைப் பெயிண்ட் அடிக்க வேண்டும்' என்று எழுதினார். அதுவும் பதிமூன்று வரை ஏறியது. பச்சைப் பெயிண்டில் இத்தனை பேருக்கு என்ன ஆசை என்று அசீனா விசாரித்தாள். விஷயம் அது இல்லை. இருளப்பசாமி எல்லார் வீட்டுக் கல்யாணத்துக்கும் தவறாமல் மொய் எழுதுகிறவர். அவர் ஒட்டிய சீட்டுக்குக் கை நீட்டாமல் போனால் நாளைக்கு அவர் முகத்தில் எப்படி முழிப்பது? பதிலுக்கு அவரும் பார்த்துப் பார்த்துத் திருப்பிச் செய்தார். யோசனைச் சந்தை பாதி மொய்ச் சந்தையாக ஆகிவிட்டிருந்தது.

வடை செலவுக் கணக்கில் வருமே தவிர மிச்சக் கணக்கில் வராது என்று முதலாளி அதை எடுத்துவிட்டார். பச்சைப் பெயிண்டும் அதே வழியில் போனது. பணம் மிச்சமாகும் என்று சொல்லக்கூடியவை கடைசியில் இரண்டே இரண்டுதான் பலகையில் மிஞ்சின. ஒன்று மேனேஜருடையது. இன்னொன்று ஷெட்டில் வேலை பார்க்கும் ரஹ்மத் பீவி எழுதிக் கொடுத்து, சங்கையா கொண்டு வந்து ஒட்டியது: 'துணியை மடித்து அனுப்பாமல், குழாயில் சுற்றி அனுப்பவும்.'

ஆண்டிச்சாமி கெட்டவர் இல்லை. ஆனால் பலகைக்குப் பக்கத்தில் நிற்பார். டோக்கனோடு வருகிறவனைப் பார்த்து, "என்னப்பா, எதுல போடப் போறே?" என்று மெதுவாகத்தான் கேட்பார். ஓவர்டைம் எழுதுகிற கை அவருடையது. மூன்று நாளில் அவர் யோசனையின் விலை இருபத்திரண்டு. ரஹ்மத் பீவியின் குழாய்க்கு, ஒட்டிய அன்றைக்கு இருந்த அதே ஒன்று.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் சங்கையா ஷெட்டுக்குள் நுழைந்தபோது, சேதி அவருக்கு முன்னாலேயே டவுன் பஸ் ஏறி வந்திருந்தது. ரஹ்மத் பீவி கத்தரியைக் கீழே வைத்தார். ஐம்பதை நெருங்கும் மனுஷி. ஷெட் ஆரம்பித்த நாளிலிருந்து அங்கே இருக்கிறார். பேச்சில் யாருக்கும் தள்ளுபடி கிடையாது.

"வாங்க சங்கையாத் தம்பி. என் சீட்டை ஒட்டுன கையாலயே மேனேஜருக்கு டோக்கன் போட்டீகளாம்ல. அம்புட்டையுமா?"

"அவரு பக்கத்துல நின்னாருக்கா."

"நின்னா? கடிச்சாரா?"

பெண்கள் சிரித்தார்கள். சங்கையா தலையைச் சொறிந்தார்.

"இங்க வாங்க, செத்த நேரம் நின்னு பாருங்க" என்று ரஹ்மத் பீவி ஒரு கட்டைப் பிரித்துக் காட்டினார். மடித்து வந்த துணியில் மடிப்புக்கு மடிப்பு கோடு விழுந்திருந்தது. கோடு விழுந்த இடத்தில் கத்தரி நேராகப் போகாது. கோணலாக வெட்டுப்பட்ட துண்டெல்லாம் மூலையில் குவிந்து கிடந்தது. "ஷெட்டுல வேஸ்ட் அதிகம், வேஸ்ட் அதிகம்னு சொல்றாவ. வேஸ்ட் நாங்களா போடுதோம்? உங்க ஊரு மடிப்பு போடுது. நாளைக்கு ஷெட்டை அங்க கொண்டு போனாலும் மடிப்பு மடிப்புதான. எங்களுக்கு ஒத்த டோக்கன் குடுக்கல, எங்க பொழப்ப மட்டும் நீங்க இருவது இருவதா வித்துட்டு வாரீக."

திரும்பி வரும் வழியெல்லாம் சங்கையாவுக்கு நெஞ்சு குறுகுறுத்தது. வெட்கமாக இருந்தது, பயமாகவும் இருந்தது. நாற்பத்தாறு வயசில் இன்னொரு ஸ்டியரிங்கை எங்கே போய்த் தேடுவது? வீட்டில் மனைவி வெள்ளைத்தாயிடம் என்னவென்று சொல்வது? மேனேஜர் கண்ணாடி துடைத்தார், அதனால் வேலை போய்விட்டது என்றா?

மறுநாள் அசீனா ஷெட்டைப் பார்க்க வேண்டும் என்று டெம்போவில் முன்னால் ஏறி உட்கார்ந்தாள். மில் சங்கு ஊதும் சத்தம் அடங்கி, ஊர் எல்லை தாண்டியதும் கேட்டாள்.

"சங்கையாண்ணே, ஒரு சந்தேகம். ஷெட்டை மூடுனா உங்க வேலை போயிரும்ல. அப்புறம் ஏன் அதுல போட்டீங்க? நெசமாவே அது நல்ல யோசனைன்னு நினைக்கிறீங்களா?"

சின்னப் பிள்ளையாகத் தறிக்கூடத்தில் ஓடியாடிய நாளிலிருந்து அவளைத் தெரியும் என்பதால் சங்கையா மறைக்கவில்லை. "நல்ல யோசனையாவது ஒண்ணாவது பாப்பா. ஊரு பாக்க விலை சொல்லச் சொன்னா, ஊருக்குப் பிடிச்ச விலையத்தான் சொல்லுவான். எங்க வத்திராயிருப்புப் பக்கம் மாட்டுச் சந்தையில எவனாச்சும் விலையப் பலகையில எழுதுவானா?"

"பின்ன எப்படி?"

"துண்டு போட்டுத்தான்."

சங்கையா டெம்போ ஓட்ட வருவதற்கு முன்னால் மாட்டுத் தரகர். நாலு வருஷம் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். காரணம், பல் விழுந்த மாட்டை வாலிப மாடு என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. தரகனுக்கு இருக்க வேண்டிய அந்த ஒரு திறமை இல்லாமல் போனாலும், மற்றதெல்லாம் அத்துபடி. வாங்குகிறவன் கையும் தரகன் கையும் ஒரு துண்டுக்கு அடியில் போகும். பிடிக்கிற விரல்தான் விலை. மேலே வாய் என்ன வேண்டுமானாலும் பேசலாம், ஏசலாம், வேண்டாம் என்று எழுந்துகூடப் போகலாம். கை சொன்னதுதான் கணக்கு. அந்தக் கணக்கு தரகனோடு போய்விட வேண்டும். துண்டுக்கு அடியில் தெரிந்ததை வெளியே சொன்ன தரகனை அதற்கப்புறம் எந்தச் சந்தையும் சேர்த்துக்கொள்ளாது.

அசீனா டெம்போவை நிறுத்தச் சொல்லிவிட்டாள். ஓரத்தில் நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால், அந்தப் பெண் தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இதைத்தான் ரெண்டு வருஷமா புஸ்தகத்துல தேடுனேன்" என்றாள்.

சனிக்கிழமை எல்லாரையும் மடிப்புக் கூடத்தில் கூட்டினார்கள். பழைய விலையெல்லாம் அழிக்கப்பட்டது. இருபத்தோரு ஆட்கள், மேனேஜர் உட்பட. தலைக்கு ஐந்து விரல். ஷெட்டை மூடும் யோசனைக்கு எத்தனை விரல் என்று ஒவ்வொருவரும் துண்டுக்கு அடியில் சங்கையாவின் கையைப் பிடித்துச் சொல்ல வேண்டும். மீதி விரல் தானாகக் குழாய்க்குப் போய்விடும். மூடின கையை வைத்தால் மேனேஜர் யோசனைக்கு ஒன்றுமே இல்லை என்று அர்த்தம். ஷெட் பெண்களையும் சேர்க்க வேண்டும் என்றாள் அசீனா. ஆட்டத்தின் நடுவில் விதியை மாற்றக் கூடாது, அடுத்த சந்தைக்கு அவர்களுக்கும் டோக்கன் உண்டு என்று முதலாளி முடித்துவிட்டார்.

ஆண்டிச்சாமி எழுந்தார். "முதலாளி, தப்பா நினைக்கக் கூடாது. ஷெட்டை மூடுனா இவன் டெம்போவும் நின்னு போகும். இவனையே கணக்குச் சொல்லச் சொன்னா எப்படி?"

நியாயமான கேள்வி. ஜமால் முகமது கொஞ்ச நேரம் தாடியைத் தடவினார்.

"பதினோரு வருஷமா என் சரக்கு அவன் கையிலதான் போகுது. ஒரு சுருள் கொறஞ்சதில்ல. அவனே பிடிக்கட்டும். அவனுக்கு மட்டும் இதுல கை கிடையாது."

மூடி மறைக்க அசீனா ஆசையோடு ஒரு மீட்டர் துணி கொண்டு வந்திருந்தாள். கம்பெனி கௌரவத்துக்காக, அன்று காலை தறியிலிருந்து இறங்கிய புத்தம் புதுக் காஸ் துணி. சங்கையா அதைக் கையில் போட்டுக்கொண்டு நீட்டினார். முதல் ஆளாக இருளப்பசாமி கையை விட்டார். கூடமே சிரிப்பில் ஆடியது. வலைத்துணிக்குக் கீழே இருளப்பசாமியின் மோதிரம் வரை பளிச்சென்று தெரிந்தது. முதலாளியே வயிற்றைப் பிடித்துக்கொண்டார். கடைசியில் சங்கையாவின் தோளில் கிடந்த சிவப்புத் துண்டுதான் இறங்கியது. எண்ணெய்க் கறையும் வேர்வையும் ஏறி, வெயிலே ஊடுருவாத துண்டு.

இப்போது ஆட்டம் வேறு மாதிரி ஆகிவிட்டது. இருளப்பசாமி, "மேனேஜர் யோசனைக்கு மிஞ்சி உண்டா" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே மூடின கையை வைத்தார். அடுத்தவன் ஒரு விரலைப் பிடித்தான். அதற்கடுத்தவன், பலகையில் இருபதையும் மேனேஜருக்குப் போட்டவன், மூடின கை. சங்கையா முகத்தில் எதையும் காட்டாமல் மனசுக்குள் இரண்டு கணக்கையும் ஓட்டிக்கொண்டு வந்தார். உள்ளுக்குள் குதியாட்டமாக இருந்தது.

குதியாட்டம் பாதியில் நின்றுபோனது. தறிக்கூடத்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். பேக்கிங் இங்கே வந்தால் தங்கள் வீட்டுப் பெண்களுக்கு வேலை கிடைக்கும் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு இருந்தது. நாலு விரல், ஐந்து விரல், மறுபடியும் ஐந்து விரல் என்று வந்துகொண்டே இருந்தது. இருபது பேர் முடிந்தபோது மூடுவதற்கு ஐம்பத்தொன்று, குழாய்க்கு நாற்பத்தொன்பது. மிச்சம் இருந்த ஒரே கை ஆண்டிச்சாமியுடையது.

போச்சு, என்று நினைத்தார் சங்கையா. தன் யோசனைக்குத் தானே ஐந்து விரல் போடாத மனுஷன் உண்டா? அந்த ஐந்தும் சேர்ந்தாலும் ஏழு விரல்தான் வித்தியாசம். அதை மாற்றிச் சொன்னால் கேட்க ஆள் இல்லை. இருபது பேர் கையும் அவர் ஒருவர் தலைக்குள்தான் இருந்தது. வெள்ளைத்தாயின் முகமும், ஷெட்டு மூலையில் குவிந்து கிடந்த வெட்டுத் துண்டுகளும் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றன. பல் விழுந்த மாட்டை ஒரே ஒரு தடவை வாலிப மாடு என்று சொன்னால் என்ன குடியா முழுகிப்போகும்? நாக்கு வரை வந்தது. அதற்குமேல் வரமாட்டேன் என்றது. சனியன் பிடித்த நாக்கு, எப்போதும் இப்படித்தான்.

ஆண்டிச்சாமி கையைத் துண்டுக்குள் விட்டார். "அஞ்சும் என் யோசனைக்குத்தான், எழுதிக்கோ" என்று கூடம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

கை வேர்த்திருந்தது. அது எந்த விரலையும் பிடிக்கவில்லை. இறுக்கி மூடியிருந்தது.

தப்பாகப் புரிந்துகொண்டோமோ என்று சங்கையா தரகர் வழக்கப்படி அந்தக் கையை ஒரு தட்டுத் தட்டினார். சரிதானா என்று கேட்பதற்கு அதுதான் பாஷை. மூடின கை பதிலுக்கு ஒரு தட்டுத் தட்டியது. சரிதான்.

சங்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "மூடுறதுக்கு அம்பத்தொண்ணு. குழாய்க்கு அம்பத்துநாலு."

முதலில் வாய் திறந்தது ஆண்டிச்சாமிதான். முகம் சிவந்துபோயிருந்தது. "நான் அப்பவே சொன்னேன் முதலாளி. தன் டெம்போவுக்காகத் தரகன் கணக்கைப் புரட்டிட்டான்."

இருபத்தோரு பேரும் சங்கையாவைப் பார்த்தார்கள். சொல்லிவிடலாம். உங்க கைதான சார் மூடியிருந்துச்சு, என்று ஒரே வரி. பதினொரு வருஷம் ஒரு சுருள் குறையாமல் காப்பாற்றிய பெயர் கண்ணெதிரே போய்க்கொண்டிருந்தது. அழுகை கூட வந்தது அவருக்கு.

"சங்கையா, எண்ணிக்கை சரிதானா?" என்றார் முதலாளி.

"கை சொன்னது இம்புட்டுதான் முதலாளி. யார் கை என்ன சொல்லுச்சுன்னு மட்டும் கேக்காதீக. நான் சொல்ல மாட்டேன்."

ஜமால் முகமது நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு சட்டைக் கையை மடித்துவிட்டார். "அது சரி. சந்தேகம்னு வந்துட்டா திரும்பப் பாத்துர வேண்டியதுதான். இந்தத் தடவை நானே பிடிக்கேன். ஆண்டிச்சாமி, நீங்க மொத ஆளா வாங்க."

ஆண்டிச்சாமி ஒரு அடி எடுத்து வைத்தார். நின்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி மாட்டினார்.

"எதுக்கு முதலாளி வீண் அலைச்சல். தரகன் சொன்னா சொன்னதுதான்."

முதலாளி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சிரிப்பை மீசைக்குள் ஒளித்துக்கொண்டு, "நோம்பு நேரத்துல ஏதோ பசியில, ஷெட்டை இழுத்து மூடணும்னு நான் ஒரு நாளு கத்துனேன். அதையா நீங்க பிடிச்சுக்கிட்டீங்க?" என்று கேட்டார்.

தறிகள் எல்லாம் நிற்கிறதே, என்ன வேடிக்கை என்று ஆண்டிச்சாமி ஆட்களை விரட்டப் போய்விட்டார்.

குழாய் வந்தது. மடிப்புக் கூடத்துக்கு இனிமேல் சுற்றுக் கூடம் என்று பெயர் வைக்க வேண்டும் என்று யாரோ பலகையில் ஒட்டினார்கள். அடுத்த சந்தைக்கு ஸ்ரீவில்லிபுத்தூர் ஷெட்டிலும் டோக்கன் கொடுத்தார்கள். ரஹ்மத் பீவி பத்து நிமிஷத்தில் விரல் பாஷையைக் கற்றுக்கொண்டு, தன் முந்தானையைப் போட்டு மூடிப் பெண்கள் பக்கத்துத் தரகர் ஆனார்.

ஆறு மாதத்தில் இருபத்தேழாயிரம் ரூபாய் மிச்சம். பத்தில் ஒரு பங்கில் பாதி ரஹ்மத் பீவிக்குப் போனது. மீதிப் பாதியைக் குழாய்க்கு விழுந்த ஐம்பத்துநாலு விரலுக்குப் பிரித்தால் விரலுக்கு இருபத்தைந்து ரூபாய். யாருக்கு எத்தனை விரல் என்பது சங்கையா தலைக்குள் மட்டுமே இருந்ததால், அசீனா மொத்தப் பணத்தையும் அவரிடம் கொடுத்து, துண்டுக்கு அடியிலேயே கொடுத்துவிடச் சொன்னாள். ஒருத்தருக்கும் அதில் மறுப்பில்லை. ஒன்றும் கிடைக்காதவனும் துண்டுக்குள் கையை விட்டு, கிடைத்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு போனான்.

ஆண்டிச்சாமி மட்டும் வரவில்லை. மூன்றாம் நாள், டெம்போ கேட்டைத் தாண்டும் நேரத்தில் வந்து குறுக்கே நின்றார்.

"ஏம்ப்பா, இந்த ஹாரன் என்ன நாய் ஊளையிடுற மாதிரி இருக்கு. ரிப்பேர் பண்ண மாட்டியா?" என்று சத்தம் போட்டுக்கொண்டே ஜன்னல் பக்கம் வந்தார்.

சங்கையா தோளில் கிடந்த துண்டை எடுத்து ஜன்னலில் போட்டார். ஐந்து விரலுக்கு நூற்றி இருபத்தைந்து. ஒரு நூறு, ஒரு இருபது, ஒரு அஞ்சு. வேர்த்த கை உள்ளே வந்தது. தடவித் தடவி நூறை எடுத்துக்கொண்டது. இருபதையும் அஞ்சையும் சங்கையாவின் உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி மூடியது. ஒரு விரல் பணம். தரகு.

"சொல்றது காதுல விழுதா? வர வர உனக்கு ரொம்பத்தான் இளக்காரம்" என்று திட்டிவிட்டு மேனேஜர் உள்ளே போனார்.

சங்கையா ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்தில் நிறுத்தி, சுடச்சுட வடை வாங்கிக்கொண்டு ஷெட்டுக்குப் போனார். பதினாறு பேருக்கும் கொடுத்தது போகச் சில மிஞ்சின.

"யாரு தம்பி வாங்கிக் குடுத்தது? முதலாளியா?" என்று கேட்டார் ரஹ்மத் பீவி, வடையை இரண்டாகப் பிட்டுக்கொண்டே.

"துண்டுக்கு அடியில கெடந்துச்சுக்கா."

அவர் சங்கையாவின் முகத்தைப் பார்த்தார். தானும் ஒரு தரகர் என்பதால் அதற்கு மேல் ஒன்றும் கேட்கவில்லை.